வீட்டில் சங்கடம்

என் கணவர் ஜெயந்துக்கு உணர்ச்சிகள் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கின்றன. ஆறு வட்ட மூஞ்சிகள், பின்னால் காந்தம். மஞ்சள் சிரிக்கும், நீலம் அழும், சிவப்பு பல்லைக் கடிக்கும். மற்ற மூன்றும் என்ன செய்கின்றன என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. நாலு வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் தன் மனதைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரியாவிட்டால் பிற்காலத்தில் அது டீம் லீடராக முடியாது என்று புனேயில், பாணேர் பக்கம் இருக்கும் இவர் ஆபீஸில் யாரோ வகுப்பெடுத்தார்களாம். அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டார்.

தினமும் சாயங்காலம் ஷூவைக் கழற்றியதும் 'ஃபீலிங்ஸ் டைம்'. எங்கள் மகள் ப்ரீதி ஒரு மூஞ்சியை எடுத்து நீட்ட வேண்டும். கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒருநாள் அவள் சிவப்பை எடுத்தாள். யார் மேல் கோபம் என்று கேட்டார்.

"உன் மேலதான். நீ என் பொம்மைய தூக்கிப் போட்டியே" என்றாள் குழந்தை.

பாடம் இவ்வளவு நன்றாக ஏறியிருக்கிறதே என்று வேறொருவன் என்றால் பூரித்துப் போயிருப்பான். எங்கள் வாத்தியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். காதில் ஹெட்ஃபோன். மறுநாள் முழுக்கக் குழந்தையிடம் ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்தில் போய் நின்றால் சுவரைப் பார்த்தார். தன்னை அமைதிப்படுத்திக்கொள்கிறாராம்; அதற்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவருக்கு ஊர்கூட வேண்டாம், நாலு வயதுக் குழந்தை ஒன்று போதும். நான் சண்டை பிடித்தேன். என்னோடும் பேச்சு நின்றது. அது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்.

அதற்குப் பிறகு ப்ரீதி மஞ்சளைத் தவிர எதையும் தொடவில்லை. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும் சத்தம் கேட்டால் விளையாட்டை விட்டுவிட்டு ஓடுவாள். மஞ்சளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். ஜுரம் கொதித்த அன்றும் அப்படித்தான் நின்றாள். 'குட் ஜாப்' என்று தலையைத் தடவிவிட்டுப் போனார் அந்த மேதை.

லிஃப்ட் வந்தால் வயிற்றுக்குள் ஒரு மாதிரி செய்கிறது, அதற்கு என்ன கலர் என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். அதற்குக் கலர் இல்லை கண்ணு, பேர்தான் இருக்கிறது, சங்கடம் என்றேன். அந்தச் சொல்லை வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். 

நான் இதே ஊரில், கிர்க்கி ஆர்டினன்ஸ் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மராத்தி எனக்குத் தெருவில் விளையாடிய பாஷை. அப்படியிருந்தும் அன்றைக்கு எனக்கு ஒன்று உறைக்கவில்லை. நமக்குச் சங்கடம் என்றால் மனசு நெளிவது. மராத்திக்காரர்களுக்கு 'சங்கட்' என்றால் ஆபத்து.

போன வாரம் நர்சரியிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் உடனே வரச் சொன்னார்கள். காலையில் டீச்சர் ஒவ்வொரு குழந்தையாக எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். ப்ரீதி, பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய மராத்தியோடு என் சொல்லையும் சேர்த்து, "கரி சங்கடம்" என்றிருக்கிறாள். 'கரி' என்றால் வீட்டில். குழந்தைகளின் மனநலம் பார்க்கும் தேவ்தர் மேடம் ப்ரீதியோடு எங்களையும் உட்கார வைத்து, வீட்டில் சங்கட் இருக்கிறதா என்று மராத்தியில் நிதானமாகக் கேட்டார்.

புனே வந்து எட்டு வருஷத்தில் ஜெயந்த் கற்றுக்கொண்ட மராத்தி 'ஹோ' ஒன்றுதான். ஆமாம் என்று அர்த்தம். ஆட்டோக்காரரிடம்கூட என்னைத்தான் பேசவிடுவார். அன்றைக்குக் காதில் தெரிந்த சொல் ஒன்று விழுந்ததும் குஷி பிறந்துவிட்டது. "ஹோ, ஹோ" என்றார் சிரித்துக்கொண்டே. சங்கடம் இல்லாத வீடு உண்டா மேடம், தினமும் இருப்பதுதானே என்று இங்கிலீஷில் விளக்கம் வேறு.

மேடத்தின் பேனா நின்றது. வீட்டில் ஆபத்து என்று தகப்பனே ஒப்புக்கொண்ட பிறகு, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் இருக்க முடியாது என்று அவரும் இங்கிலீஷில் சொன்னார். ஜெயந்தின் முகம் வெளுத்தது, பிறகு இறுகியது. என் பக்கம் திரும்பினார்.

"ராஜி, தமிழ்ல அது ஒண்ணுமில்லாத வார்த்தைன்னு சொல்லு. மராத்தியிலயே சொல்லு. அப்பதான் நம்புவாங்க."

ஒரே வாக்கியம்தான். சொல்லியிருப்பேன், பொய்யும் இல்லை. வாயைத் திறந்தபோது ப்ரீதி நாற்காலியிலிருந்து இறங்கினாள். அப்பாவின் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள். அந்த அறைச் சுவரிலும் மூஞ்சிகளை ஒட்டியிருந்தார்கள். மஞ்சளைத் தேடிப் பிடித்து, நகத்தால் பிய்க்கப் பார்த்தாள். வரவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தபடி நின்றாள். 

நான் மராத்தியில் பேசினேன். எங்கள் பாஷையில் அது சின்னச் சொல்தான் மேடம், ஆனால் நீங்கள் புரிந்துகொண்டதுதான் சரி என்றேன். இவர் வீட்டுக்கு வரும் நேரமானால் என் குழந்தை நடுங்குகிறாள், அடித்ததில்லை, அடிக்காமலே நடுங்க வைத்திருக்கிறார் என்றேன். இவர் இல்லாத இடத்தில் அவளிடம் பேசுங்கள், பிறகு என்னிடமும் பேசுங்கள் என்றேன்.

மேடம் ஜெயந்தைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் விளங்காத என் கணவர், பெண்டாட்டி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டாள் என்ற நிம்மதியில், பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டி ஆட்டி, "ஹோ, ஹோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.