டீக்மன் வீட்டு ஜாடி

டீக்மன் குடும்பத்தில், எச்சில் கோப்பையைக் கழுவாமல் உட்கார்ந்து பேசுகிறவள் நல்ல பெண் இல்லை. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி அயோவாவுக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்ததில் சேதாரமில்லாமல் மிஞ்சியது இந்தச் சுத்தம் ஒன்றுதான். பாஷை போயிற்று, பாட்டு போயிற்று, கிளம்பிவந்த ஊரின் பேர்கூடப் போயிற்று.

அந்த ஊர்ப் பேரைத்தான் லியோனா பதினாறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கப்பல் பட்டியலில் 'ஹனோவர்' என்று ஒற்றைச் சொல். ஹனோவர் என்ன நாலு தெருவா? ஒரு ராஜ்யம். எந்தக் கிராமம் என்று தெரிந்தால் அந்த ஊர் சர்ச்சுக்கு எழுதிப்போட்டு, ஞானஸ்நானப் பதிவைப் பிடித்து, பாட்டனுக்குப் பாட்டன் வரை போகலாம். தெரியாவிட்டால் குடும்பமே கப்பலில் முளைத்ததாக எழுத வேண்டியதுதான். அவள் எழுதிய குடும்பப் புத்தகம் இருநூறு பக்கத்துக்குத் தயாராக இருந்தது. முதல் அத்தியாயம் மட்டும் காலி.

தொண்ணூற்றெட்டு ஜூனில், குடும்பம் ஒன்றுகூடுவதற்கு முந்தின நாள், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பழைய கேசட் ஒன்றைப் போட்டாள். செத்துப்போன ஆல்வினா அத்தையிடம் பதினைந்து வருஷம் முன்பு அவளே எடுத்த பேட்டி. எப்போதும் ஓரிடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். "காப்பி போதும் அத்தை, கோப்பையைக் கழுவிட்டு வந்துடறேன்" என்று அவள் குரலே கேட்கும். அதற்குமேல் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்தான். இன்றைக்குக் கை ஈரம், நிறுத்தவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அத்தை பேசினாள்.

"நீ கழுவுடி, நான் பாட்டுக்கு இந்தப் பொட்டிகிட்ட பேசறேன். அது அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் முதல் சண்டை நடந்த வருஷம். ஜெர்மன் புஸ்தகம் இருக்கான்னு வீடு வீடா வந்தானுங்க. அப்பா பைபிளைக் குடுத்துட்டாரு, கோர்ட்டு வாசல்ல வெச்சு எரிச்சானுங்க. ஊர்லேருந்து வந்த கடுதாசியை மட்டும் எண்ணெய்த்துணியில சுத்தி, நிலவறையில பெரிய ஜாடிக்குள்ள வெச்சாரு. மேல பலகை. பலகை மேல முட்டைக்கோஸ் ஊறப்போட்டா வைப்பமே, அந்தக் கல்லு. வாயத் திறந்தா தோலை உரிச்சுடுவேன்னாரு. அந்தக் குளிர்லயே காய்ச்சல்ல போயிட்டாரு. எனக்கு ஏழு வயசு. இன்னிவரைக்கும் வாயத் திறக்கலை."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "என்ன அத்தை, ஏதோ சொன்னீங்களே?"

"ஒண்ணுமில்லடி. கழுவி முடிச்சியா?"

லியோனாவின் கையிலிருந்து கத்தி விழுந்தது.

விடிந்ததும் விடியாததுமாக வெர்னா சித்தி வீட்டுக்குக் காரை விரட்டினாள். அதுதான் அத்தையின் அப்பா, அதாவது தாத்தா, வாழ்ந்த பழைய வீடு. சித்தப்பா ஹில்பர்ட் போனபின் சித்தி அங்கே தனியாக இருந்தாள். முற்றத்து மேஜையில் முழ உயரப் பீங்கான் ஜாடி ஒன்று வெயிலில் பளபளத்தது. விளிம்புவரை புளித்த முட்டைக்கோஸ்.

"பாத்தியாடி ஜாடியை?" சித்திக்கு முகமெல்லாம் பல். "உன் தாத்தாவோடது. நிலவறையில கரிமூட்டைக்குப் பின்னால கிடந்துது. அம்பது வருஷமா இந்த வீட்ல குப்பை கொட்டறேன், என் கண்ணுல படலை பாரு."

"உள்ள என்ன இருந்தது சித்தி?"

"அதை ஏன் கேக்கற. கல்லு, பலகை, அதுக்குக் கீழ கறுப்பா ஒரு கட்டி, பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு. எந்தக் காலத்து முட்டைக்கோஸோ! டீக்மன் வீட்டு ஜாடியா இதுன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. கொதிக்கக் கொதிக்க சலவைச் சோடாத் தண்ணி ஊத்தி ரெண்டு நாள் ஊறவெச்சு, கத்தியால சுரண்டிட்டேன்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"அழுகினதை எவடி பிரிச்சுப் பாப்பா?"

"எங்க போட்டீங்க?"

"ருபார்ப் பாத்தியில. ஏப்ரல்ல போட்டேன், செடி இந்த வருஷம் என்னமா மண்டுது பாரு."

சித்தி அடுப்பைப் பார்க்க உள்ளே போனதும் லியோனா பாத்தியில் மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். ஒரு முழம் சணல் கிடைத்தது. சாம்பல் நிறத்தில் ஊறிய உருண்டை ஒன்று கிடைத்தது. பிரித்தபோது விரலில் கூழாக வழிந்தது. ஒரு எழுத்து இல்லை. சோடா மையைக்கூட விட்டுவைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

மதியம் எழுபது பேர் வந்தார்கள். "லியோனா வந்துட்டா, பிறந்த தேதியெல்லாம் ஞாபகம் வெச்சுக்கங்கப்பா" என்று பெரியப்பா மகன் டெல்மர் வழக்கம்போல் வம்பிழுத்தான். ஜாடி காலியானது. எல்லோரும் அந்த ருபார்ப் தண்டை வைத்துச் சித்தி சுட்ட 'பை' பலகாரத்தைத் தின்று இரண்டாம் துண்டு கேட்டார்கள். அவளும் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது.

கார்களெல்லாம் போனபின் சித்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். "அந்த முதல் அத்தியாயம் என்னடி ஆச்சு? எழுபது பேர்ல நான் ஒருத்திதான் உன்கிட்ட வருஷா வருஷம் கேக்கறேன். உன் சித்தப்பா கல்லறைக் கல்லுல ஊர்ப் பேருக்குன்னு ஒரு வரி விட்டு வெச்சிருக்கேன். அவருக்கு அப்பா முகமே தெரியாது, பாவம். அந்தப் பேராவது இருக்கட்டும்னு. எனக்கும் எழுபத்தேழு ஆச்சு. இந்த வருஷம் கிடைச்சுடுமா?"

ஜாடிக்குள் இருந்தது ஊர்க் கடுதாசி என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். தானே பதினைந்து வருஷம் முன்பு கோப்பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. யாரை நொந்துகொள்வது?

"கிடைக்காது சித்தி. அந்த வரியை மூடிடச் சொல்லுங்க."

சித்தி வழக்கப்படி எச்சில் தட்டுகளை அடுக்க எழுந்தாள். லியோனா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தட்டு கிடக்கட்டும் சித்தி. தாத்தாவைப் பத்தி, இந்த வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. எதுவானாலும் சொல்லுங்க. நான் எழுந்திருக்க மாட்டேன்."

வெர்னா மிரண்டுபோய் அவளைப் பார்த்தாள்.

"நானா? நான் வாக்கப்பட்டு வந்தவடி. எனக்கு என்ன தெரியும்?"