எறும்புப் புற்றில் வைத்த எலும்பு

வெந்த எலும்பை நாய்க்குப் போடுகிறவன் ஒன்று அந்த நாய்க்குப் பகைவனாக இருக்க வேண்டும். இல்லையேல் அந்த வீட்டுக்கு விருந்தாளியாக இருக்க வேண்டும். ரூசியின் கொள்கை அது. ரொடோப்பி மலையில் நாற்பது ஆண்டுகளாக ஆடு மேய்ப்பவர். பச்சை எலும்பு பல்லுக்கு வளைந்து கொடுக்கும், வெந்த எலும்பு ஊசி ஊசியாகத் தெறிக்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை.

ஈஸ்டருக்கு வந்த, அவர் மனைவி வெலிகாவின் தங்கை மகள், தோலை முறுக்கி எலும்பு வடிவில் முடிச்சிட்ட பண்டம் ஒன்றை நகரத்துக் கடையில் நாய்க்கென்று வாங்கி வந்திருந்தாள். ரூசி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஊறிச்சுன்னா குடல்ல போய் உப்பும். இதக் கண்டுபிடிச்சவன் வீட்டுல நாயே இருந்திருக்காது" என்று அடுப்பில் போட்டார். எரிந்த நாற்றம் இரண்டு நாள் இருந்தது. அதைப் பற்றிய மனைவியின் பேச்சு ஒரு வாரம் இருந்தது.

இத்தனை கண்டிப்பும் மந்தைநாய் கிரிவானுக்காக. கரிய உடல், கழுத்தைச் சுற்றி வெண்பிடரி, ஓநாயை எதிர்த்து நிற்கும் நெஞ்சு. மேல்மலையில் ஓநாய்களுக்கென்று யாரோ நஞ்சு கலந்த இறைச்சி உருண்டைகளை வைப்பதுண்டு. கிரிவானின் தாய் அதில்தான் செத்தது. ஆகவே குட்டி இரண்டு மாதமாக இருக்கையிலேயே ரூசி பாடத்தைத் தொடங்கினார். அவர் சொல்லிப் பிறர் போடும் இறைச்சியில் மிளகாய்ப்பொடி இருக்கும். ரூசி தருவதில் இராது. அரையாண்டில் பாடம் முடிந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகளாக, ரூசியின் கைவாடை இல்லாத எதையும் கிரிவான் வாயால் தொட்டதில்லை. வெலிகா கரைத்து வைக்கும் ரொட்டிக்கூழைக்கூட ரூசி வந்து ஒருமுறை தொட்டுத்தர வேண்டும்.

"பாதிரியாரு கூட இத்தன தடவ ஆசீர்வாதம் பண்ண மாட்டாரு" என்பான் அடுத்த பட்டிக்காரன் சஃபீர். "ஏன் வெலிகா அக்கா, உங்க சாப்பாட்டையும் இவரு தொட்டுத்தான் தர்றாரா?"

"நான் சமைச்சத இந்த மனுஷன் குறை சொல்லாம தொட்டாலே பெரிசு, தம்பி."

மே ஆறாம் நாள், மேய்ப்பர்களின் புனிதரான கெயோர்கியின் திருநாள். அரிசியும் புதினாவும் வெங்காயத்தாளும் அடைத்து, ஆட்டுக்குட்டியை முழுதாக அடுப்பில் வேகவைத்தார்கள். அந்த ஆட்டின் எலும்பை எறியக்கூடாது, நாய்க்குப் போடக்கூடாது. துணியில் சேர்த்துக் கட்டி, வீட்டுக்கு மூத்தவர் தம் வெறுங்கையால் ஒவ்வொன்றாக எறும்புப் புற்றில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஆடுகள் எறும்பைப்போல் பெருகும் என்பது நம்பிக்கை. இதுவரை அதை ரூசியின் அண்ணன் அனஸ்தாஸ் செய்துவந்தார். பிப்ரவரியில் அவர் இறந்துபோனதால் இந்த ஆண்டு அந்தப் பொறுப்பு ரூசிக்கு வந்தது. அவர் அதை மகிழ்ச்சியோடுதான் ஏற்றார். ஊர் வழக்கமும் அவர் கொள்கையும் முழுமையாக ஒத்துப்போகும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான்.

விருந்துக்கு வந்த சஃபீர் விலா எலும்பொன்றை வாசல்பக்கம் வீச ஓங்கினான். ரூசி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"திருநாள் எலும்புடா. நாய்க்குப் போனா பாவம்."

"பாவம் ஆட்டுக்கா, நாய்க்கா அண்ணே?"

"போடுறவனுக்கு."

பிற்பகலில் ரூசி துணிமூட்டையோடு பைன் மரத்தடிப் புற்றுக்குப் போனார். விலா எலும்புகள், கால் எலும்புகள், தோள்பட்டை எலும்பு என ஒவ்வொன்றாக வைத்து, பைன் ஊசிகளால் மூடினார். கிரிவான் மந்தையின் ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டவே வரவில்லை. மற்ற வீடுகளில் எறும்பு எலும்பைத் துடைத்து முடிக்கும்வரை நாயைக் கட்டிப்போடுவார்கள். இந்த வீட்டில் அதற்கு அவசியம் நேர்ந்ததில்லை.

மறுநாள் காலை கிரிவான் கூழைத் தொடவில்லை. இரண்டு முறை மஞ்சள் நுரையாகக் கக்கினான்.

"எலும்பு கிலும்பு தின்னுருப்பானோ?" என்றாள் வெலிகா.

"கிரிவானா? நான் தராம அவன் எதத் தின்பான்?"

"கேட்டேன்."

"கேக்காத. புல்லத் தின்னுருப்பான். சரியாப் போயிடும்."

அந்த உறுதிக்கு ஒரு பகல் முழுவதும் செலவாயிற்று.

அதற்கடுத்த நாள் விடிந்தபோது கிரிவான் முன்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி நின்றான். வயிறு பலகையாக இறுகியிருந்தது. ரூசி தொட்டதும் உதட்டைத் தூக்கி உறுமினான். உறுமியது யாரிடம் என்று உணர்ந்தவன்போல் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வழியே வந்த சஃபீர் எட்டிப் பார்த்தான். "ஒரு டம்ளர் சூரியகாந்தி எண்ணெய ஊத்துங்க அண்ணே. உள்ள எது இருந்தாலும் வழுக்கிட்டு வந்துடும். கூட ரொட்டிய நனைச்சுக் குடுத்தா முள்ளச் சுத்திக்கும்."

வெலிகா எண்ணெய்ப் புட்டியை எடுத்துவிட்டாள். ரூசி அதை வாங்கி வைத்துவிட்டு ஸ்மோலியான் நகரிலுள்ள கால்நடை மருத்துவர் ஹலாச்சேவாவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"எண்ணெய் வேணாம். ரொட்டி வேணாம். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது" என்றார் மருத்துவர். "எலும்பு எதாவது தின்னானா அண்ணே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா, டாக்டரம்மா."

"சரி, உடனே கொண்டுவாங்க."

கிளம்புவதற்கு முன், சொன்ன சொல் பிசகக்கூடாது என்பதற்காக மட்டுமே ரூசி பைன் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தார். ஊசிகள் இருபுறமும் வாரி இறைக்கப்பட்டிருந்தன. புற்று குடைந்து கிடக்க, எறும்புகள் வழி தெரியாமல் அலைந்தன. தோள்பட்டை எலும்பு மட்டும் எஞ்சியிருந்தது. ஈரமண்ணில் இருந்த கால்தடம் உள்ளங்கை அகலம்.

பின்னாலேயே வந்த வெலிகா சொன்னாள்: "நரியா இருக்கும்."

"நரி இல்ல."

"அவந்தான் யாரு வச்சாலும் தொட மாட்டானே. இத்தன வருஷமா உங்கண்ணன் வச்சாரு, ஒரு துண்டத் தொட்டானா?"

"அண்ணன் வச்சாரு" என்றார் ரூசி. "இந்த வருஷம் நான் வச்சேன்."

வெலிகா அவர் கையைப் பார்த்தாள். பிறகு வேறெங்கோ பார்த்தாள். இந்த வாடை இருப்பது உணவு: ஏழு ஆண்டுகளாக ரூசி அந்த நாய்க்குக் கற்பித்தது இந்த ஒரே வாக்கியம். அதில் விலக்கு எதுவும் இல்லை. கற்பித்தவர் சேர்க்கவில்லை.

"இது உங்களுக்குத் தோணல, மனுஷா" என்றாள் வெலிகா. "எனக்குமே தோணல."

சஃபீர் மந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நிவா வண்டியின் பின்பக்கம் கம்பளம் விரித்துக் கிரிவானைக் கிடத்தினார்கள். நாற்பது கிலோமீட்டரும் வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து ஒரு சிறிய ஒலி வந்தது. வேகமாகப் போனால் வலிக்கும். மெதுவாகப் போனால் நேரமாகும். இரண்டில் எதைச் செய்தாலும் தவறாக இருந்தது. ரூசி இரண்டையும் மாறி மாறிச் செய்தார்.

எக்ஸ்ரே படத்தில் குடலின் நிழலுக்குள் வெள்ளை ஊசிகள் கிடந்தன.

"எத்தன இருக்கு?"

"எண்ணிப் பிரயோஜனமில்ல அண்ணே. வயித்துக்குள்ள சீழ் இறங்கிடுச்சு. திறந்து பாக்கலாம். ஆனா பொழைக்கிறது பத்துல ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணப் பாருங்க."

அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் இருந்த பெஞ்சில், மடியில் குட்டிநாயோடு ஒரு பெண் அமர்ந்திருந்தாள். அது முறுக்கிய தோல்துண்டு ஒன்றைக் கடைவாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது.

"இது பல்லுக்கு நல்லதாம்" என்றாள் அவள். "கடையில சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

வேறொரு நாளாக இருந்தால் அந்தத் துண்டு அடுத்த நொடியே குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்; அவளுக்கும் அரைமணி நேரம் விளக்கம் கிடைத்திருக்கும்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் ரூசி.

சற்று நேரத்தில் மருத்துவர் வெளியே வந்தார். அவ்வளவு விரைவில் வந்திருக்கக்கூடாது.

"குடல்ல மூணு ஓட்டை. அதுக்குக் கீழ எல்லாமே கறுத்துப்போச்சு. வெட்டி எடுத்தா ஒட்டுறதுக்கு மிச்சம் இல்ல. நேத்தே வந்திருந்தா..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"நேத்தே வந்திருந்தா வேற பேச்சு, அண்ணே."

ரூசி தலையசைத்தார்.

"இன்னும் மயக்கத்துல இருக்கான். தைச்சு எழுப்பட்டுமா, இல்ல அப்படியே விட்டுடட்டுமா? எழுப்புனா ரெண்டு நாள் இருப்பான். நல்ல ரெண்டு நாளா இருக்காது."

"வலிக்குமா?"

"எழுப்புனா வலிக்கும்."

"எழுப்பாதீங்க."

உள்ளே போய் நின்றார். விளக்கு வெளிச்சத்தில் வெண்பிடரி அழுக்காகத் தெரிந்தது. குளிர்காலம் முடிந்தபின் ஒருமுறை வாரிவிட்டிருக்கலாம். மருத்துவர் ஊசியை ஏற்றினார். மூச்சு இரண்டு முறை நீண்டு, பின் நீளவில்லை. அவ்வளவு நேரமும் ரூசி தம் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு மருத்துவர் மேசையில் அமர்ந்து ஒரு படிவத்தை நிரப்பினார். விலங்கு: நாய். வயது: ஏழு. இறப்புக்குக் காரணம்: குடலில் அந்நியப் பொருள். கையொப்பத்துக்காக ரூசியின் பக்கம் நகர்த்தினார்.

ரூசி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"அந்நியம்னு போடாதீங்க, டாக்டரம்மா."

"அது எங்க தொழில் வார்த்த அண்ணே. வெளியிலருந்து உள்ள போறது எதுவா இருந்தாலும் அப்படித்தான் எழுதணும்."

"வெளியிலருந்து வரல. எங்க பட்டியில பொறந்த ஆட்டுக்குட்டியோட எலும்பு. எங்க அடுப்புல வெந்தது."

மருத்துவர் பேனாவைப் பிடித்தபடியே படிவத்தை ஒருமுறை பார்த்தார். "இதுல வேற கட்டம் இல்லையே, அண்ணே" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை.

ரூசி மறுபடியும் படித்தார். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.