எங்கள் தெருவுக்கு ஸ்டாப் வந்த கதை

பெரியப்பா பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு கீழே தனியாக இருக்கிறார். இப்போதெல்லாம் வீட்டு கேட்டைத் தாண்டுவதே இல்லை. எங்கள் தெரு நல்ல ஏற்றம். உட்கார ஓர் இடம் கிடையாது. பாதியிலேயே அவருக்கு மூச்சு வாங்கும்.

"வழியில எங்கயாவது சுவர்ல உட்கார்ந்து போகக் கூடாதா?" என்றாள் அம்மா.

"ஸ்டாப் இல்லாத இடத்துல வண்டி நிக்காது" என்றார் பெரியப்பா.

அவர் மகள், எங்கள் அக்கா, ஃபோனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வரேன். மேல இருக்கிற கடை வரைக்கும் நீங்களா நடந்து வாங்க. முடியலைன்னா என்னோட ஒன்பதாவது மாடிக்கு வந்துடணும். பேச்சே கிடையாது."

ஒன்பதாவது மாடியில் பெரியப்பா என்ன செய்வார்? லிஃப்டில் ஹாரன் அடிப்பாரா?

எனக்கு யாரிடமும் போய்ப் பேச வராது. ஒரு நாற்காலியை எங்கள் வாசலுக்கு வெளியே போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நடந்து பார்க்கலாம் என்று கிளம்பி நாலு வீடு ஏறி வந்த பெரியப்பா அதைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"இது ஸ்டாப்!" என்று அறிவித்தார்.

அதைக் கேட்ட தையல்காரர் ஒரு ஸ்டூல் போட்டார். சலூன்காரர் தன் பழைய சுழல் நாற்காலியையே தூக்கி வந்துவிட்டார். வாரம் முடிவதற்குள் கடை வரைக்கும் ஸ்டாப்.

ஞாயிறு காலை. அக்கா கடை வாசல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா கிளம்பினார். எங்கள் வாசலுக்கு வந்து பார்த்தால், நாற்காலியில் எதிர்வீட்டு டீச்சரம்மா! ஸ்டூலில் பல் டாக்டர் தாத்தா. சுழல் நாற்காலியில் தையல்காரரின் மாமியார், ஒய்யாரமாகச் சுற்றிக்கொண்டு. உட்கார இடம் வந்ததும் தெருவிலிருந்த பெருசுகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஓர் இடம்கூடக் காலியில்லை.

"சீட்டு ஃபுல்லா?" பெரியப்பாவுக்கு இரைத்தது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ! "டீச்சர், எழுந்திரிங்க!"

"எழுந்திரிச்சு எங்கடி போறது?"

"அடுத்த ஸ்டாப்புக்கு!"

டீச்சரம்மா நடந்துபோய் பல் டாக்டரை எழுப்பினார். பல் டாக்டர் போய் மாமியாரை எழுப்பினார்.

"இப்பதான்யா உட்கார்ந்தேன், கட்டையில போறவனே!" என்று திட்டிக்கொண்டே மாமியார் கிளம்பினார். ஒருவரை ஒருவர் கிளப்பிக் கிளப்பி, தெருவே மேலே ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் பெரியப்பா ஒவ்வொரு ஸ்டாப்பிலும் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து வந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி கூடவே ஓடினேன்.

எல்லாரையும் முந்திக்கொண்டு முதலில் கடையை அடைந்தவர் மாமியார்தான். "எழுந்திரும்மா, எனக்கு இடம் வேணும்!"

அக்கா பதறி எழுந்தாள். "யாரு நீங்க? அப்பா எங்க?"

"கடைசியில வராரு. மனுஷன் நிதானமாத்தான் ஓட்டுறாரு."

பெரியப்பா வந்து சேர்ந்தார். சட்டையைச் சரிசெய்தார். கடை வாசலில் நிற்கக்கூட இடமில்லை.

அக்கா முறைத்துப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இங்கயே இருந்து தொலைங்க! ஆனா இத்தனை பேரும் எப்படித் திரும்பிப் போவீங்க?"

"இறக்கம்தானேம்மா, வண்டி தானாப் போகும்" என்றார் பெரியப்பா. "பிரேக் மட்டும் நீ பிடி."

அக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.