விளாத்திமோட்டையின் சனத்தொகை

குழாய்த் தண்ணீருக்கான விண்ணப்பப் படிவத்தில் முதலாவது கேள்வி கிராமத்தின் அமைவிடம். அதை எழுத ஸமீமுக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. மன்னாரிலிருந்து தெற்கே போகிற வீதியில் இறங்கி, கிறவல் பாதையில் ஆறு கிலோமீற்றர். குளக்கட்டு முடிகிற இடத்தில் பள்ளிவாசல், அதைச் சுற்றி வீடுகள். இரண்டாவது கேள்வி சனத்தொகை. பதினொரு குடும்பம், நாற்பத்தாறு பேர் என்று எழுதி, கொட்டாஞ்சேனைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தப் பதினொன்றில் பத்துக் குடும்பம் கொழும்பில்தான் இருந்தது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரைவிட்டு வந்தவர்கள். சண்டை ஓய்ந்தபின் திரும்பிப் போய்க் குடியிருந்தவர் ஸமீமின் மூத்த சகோதரி, உம்மு குல்தூம் ராத்தா ஒருவர்தான். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, குழாய்த் தண்ணீர் கேட்டு ஸமீம் அலையாத இடமில்லை. ஊர் வாக்காளர் இடாப்பில் ஐந்து குடும்பமாவது பதிவில் இருந்தால் குழாய் போடலாம் என்று நீர்வழங்கல் சபையில் சொன்னார்கள். ஸமீம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து, "பேர் ஊர்லதானே இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் "ஓம் நானா" என்றார்கள்.

சபையிலிருந்து பதில் வந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் ஸமீமின் வீட்டு முன்னறையில் கூடியிருக்க, அவர் அதை வாசித்தார். பதிவிலுள்ள சனத்தொகை: ஒன்று.

"ஒண்டா? டைப் பண்ணினவன் பூச்சியத்தை விட்டுட்டான் போல" என்றான் ஒன்றுவிட்ட தம்பி இப்ஹாம். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனே தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்தான்.

"மகனை முதலாம் வகுப்புக்குச் சேர்க்க கொழும்பு இடாப்புக் கேட்டாங்க நானா. எங்கட வீடு ஒண்டு குறைஞ்சா ஊருக்கு என்ன ஆகப்போகுதெண்டு நினைச்சன்."

"எனக்கும் அதுதான்" என்றது ஒரு குரல். பிறகு இன்னொன்று.

ஸமீமுக்குக் கோபம் தலைக்கேறியது. "மூண்டு மாசமா என்ட முகத்தைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கிறீங்க. அங்க ஒரு மனுசி நஞ்சைக் குடிச்சிட்டு இருக்கிறா!"

உள்ளேயிருந்து மனைவி பஸ்லா வாசலுக்கு வந்தாள். "மகள் றிப்னாவை ஸ்கூல்ல சேர்க்கேக்க நீங்களும் பேரைக் கொழும்புக்கு மாத்தினீங்கதானே?" என்றாள், சத்தம் உயர்த்தாமல்.

தன் வீட்டுப் பேர் போனாலும் மற்றப் பத்தும் பதிவில் இருக்கும் என்று நம்பித்தான் அவர் பதினொன்று என்று எழுதினார். மேசையில் தேநீர் ஆறிக்கிடந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

அஸர் தொழுகைக்கு முன் ராத்தாவே போன் எடுத்தார்.

"தம்பி, கடுதாசி வந்ததா? ஆக்கள் பாக்க வருவாங்களெண்டு பதினொரு வீட்டு முத்தத்தையும் கூட்டி வச்சிருக்கன். கை வீங்கிப் போச்சு."

"வந்தது ராத்தா."

"எத்தினை பேரெண்டு போட்டிருக்கு?"

ஸமீம் பொய் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"ஒண்டு."

மறுமுனையில் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்டெண்டா அது நான்தானே. அப்ப நீ எங்க தம்பி?"

குசினியில் பஸ்லா குழாயைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தம் ராத்தாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, ஸமீம் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.