குமிழி வராத மூடி

எட்டு வருடமாக என் வேலை குமிழி பார்ப்பது. ஓசூரில் ரேடியேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் லீக் டெஸ்ட் பிரிவு. உள்ளே காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்குவோம். ஒரு குமிழி எழும்பினாலும் ரிஜெக்ட்.

இப்படிப்பட்டவன் ஒயின் போட்டிருக்கவே கூடாது. பாகலூர்ப் பக்கம் கறுப்புத் திராட்சை மலிவாகக் கிடைத்ததும், போனில் ஒரு வீடியோ பார்த்ததும் சேர்ந்து என் புத்தியைக் கெடுத்தன. மூக்கண்டப்பள்ளியில் நானும் சுடலைமுத்துவும் தங்கியிருக்கும் அறையில், அவனுக்குத் தெரியாமல், பரண்மேல் போர்வைக்குப் பின்னால் ஐந்து லிட்டர் கேனை ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் மூடி ஓரத்தில் குமிழி. ஒயின் என்றால் குமிழி விடும், மூடியைத் தளர்த்தியே வை என்று வீடியோவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். என் கை கேட்டால்தானே? குழாய் மரைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கினேன். அப்புறம் ஒரு குமிழிகூட வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், கேன் வெடித்தது.

பரணுக்கு நேர் கீழே ஆணியில் தொங்கியது சுடலைமுத்துவின் வெள்ளைக் காட்டன் சட்டை. மறுநாள் மத்தூரில் பெண் பார்க்கப் போவதற்காக வாங்கியது. முப்பத்து நாலு வயதில் அவனுக்கு இது ஏழாவது இடம். போன இரண்டு இடங்களும், ஓசூரில் தனியாக இருக்கும் பையன் குடிக்காமலா இருப்பான் என்றே தட்டிப்போயின. அவனோ இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

சட்டையின் நெஞ்சு முழுக்க ஒயின்.

நல்லவனாக இருந்தால் உடனே போன் போட்டுச் சொல்லியிருப்பேன். நான் துணி சோப்பை எடுத்துக்கொண்டு மாடிக் குழாயடிக்கு ஓடினேன். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு போய் நீலம் வந்தது.

"ஏனப்பா, மை கொட்டிக்கினியா?"

வீட்டுக்கார நஞ்சம்மா. குடிவந்த அன்றே, இந்த வீட்டில் பாட்டில் கண்ணில் படக்கூடாது என்று சொன்னவர்.

"திராட்சை ஜூஸு, அக்கா." பொய் இல்லை. பத்து நாள் ஆன ஜூஸ்.

"சோப்பு போட்டா நீலமாத்தான் ஆவும். நல்லா அலசிட்டு எலுமிச்சம்பழம் புழி, உப்பைக் கொட்டு. தேய்க்காத, ஒத்தி ஒத்தி எடு. அப்பறம் துணிய பக்கெட்டு வாயில இழுத்துக் கட்டி, கொதிக்கிற தண்ணிய ஒசரத்துலருந்து ஊத்து." போகும்போது திரும்பி ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். "ஜூஸு ஜோரா இருந்திருக்கும் போல."

மூன்று எலுமிச்சம்பழம், அரைப் பாக்கெட் உப்பு, நாலு முறை வெந்நீர். கறை கரைந்து, கடைசியில் பாக்கெட்டுக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு மங்கலாய் ஒரு ரோஸ் தடம் மட்டும் நின்றது. அறையில் வாடை போக ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்தினேன்.

ஐந்தரைக்கு சுடலைமுத்து வந்தான். கொடியில் சட்டை, அறையெல்லாம் புகை. அப்படியே நின்றுவிட்டான்.

"எலேய் முனிவேலு, எனக்காவயா சட்டையத் தொவைச்ச? சாமி வேற கும்பிட்டிருக்க!" கண் கலங்கிவிட்டது. "கூடப்பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்டே."

என் தலை தானாக ஆடியது. வாய் திறக்கவில்லை. இறுக்கி மூடுவதில்தான் எனக்கு எட்டு வருட அனுபவமாயிற்றே.

மறுநாள் என் பைக்கிலேயே இருவரும் போனோம். மத்தூரில் பெண்ணின் அப்பா மாதேஸ்வரன் காபி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார். "ஏந்தம்பி, ஓசூர்ப் பசங்க சாயங்காலமானா பார்டர் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போயிக் குடிச்சிட்டு வராங்களாமே. உங்களுக்கு எப்படி?"

"அந்தப் பழக்கமே கெடையாதுங்க."

"பாக்கெட்டுகிட்ட அது என்ன கறை?"

சுடலைமுத்து குனிந்து பார்த்தான். அப்போதுதான் பார்க்கிறான். "தெரியலைங்களே," என்றான். உண்மையைச் சொல்கிறவன் முகம் பொய்யன் முகம் மாதிரியே இருந்தது. மாதேஸ்வரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது என்னோட ஒயினுங்க," என்றேன். மூடி திறந்துகொண்டது. கேன், டேப், சோப்பு, எலுமிச்சை எல்லாம் கொட்டினேன். "அவன் மேல ஒரு சொட்டுத் தப்பு இல்லைங்க. எங்க வீட்டு ஓனரம்மாவ வேணாலும் கேளுங்க."

உள்ளேயிருந்து பெண் மணிமேகலை சிரிப்பது கேட்டது. "திராட்சைக் கறைக்கு யாராச்சும் சோப்பு போட்டுத் தேய்ப்பாங்களா!"

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. "புதன்கெழம நானே வந்து ரூமப் பாக்கறேன். அந்தம்மாகிட்டயும் பேசறேன். அப்பறம் சொல்றேன்."

திரும்பும்போது சூளகிரியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். பாதி டீயில் சுடலைமுத்து கேட்டான்.

"ஊதுவத்தியும் அதுக்குத்தானா?"

"ஆமாடா."

மிச்ச டீயைக் கீழே ஊற்றினான். சட்டை போனதற்கு அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி என் பக்கெட்டில் போட்டான். "புதன்கெழமையும் இதத்தான் போடுவேன். தொவ."

எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். சுண்ணாம்பும் வாங்க வேண்டும். பரணில் போர்வைக்குப் பின்னால் சுவரில் தெறித்த ஒயின்மேல் வெந்நீர் ஊற்ற முடியாது.