மிஞ்சிய பதிவு

தொண்டையில் அறுவை செய்து குரல்வளையை எடுத்த பிறகு அப்பாவால் பேச முடியவில்லை. இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்ததால், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கென்று தாலாட்டும் கதையும் கொஞ்சலுமாய் அவர் குரலை மகள் பதிந்து வைத்திருந்தாள். போனில் இடமில்லை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்தாள்.

அவளுக்கு இது ஏழாம் மாதம். வேலைக்கு உதவுமே என்று கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே கணினியை வேலை வாங்கும் வித்தை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்? நம்மவள் கேட்டால்தானே! பழகிப் பார்க்க அப்பாவின் குரல்தான் கிடைத்தது அவளுக்கு.

'எம்வி' என்று தட்டி, கோப்பின் பெயரையும் அது போகவேண்டிய இடத்தையும் எழுதினால் கோப்பு அங்கே நகர்ந்துவிடும். பதிவுகளை ஒவ்வொன்றாக 'அப்பா' என்ற ஃபோல்டருக்கு அனுப்பினாள். திரை மூச்சு விடவில்லை. "தப்பு நடந்தாதான் அது வாயத் தொறக்கும்" என்று வகுப்பெடுக்கும் அக்கா சொல்லியிருந்ததால் நிம்மதியாக இருந்தாள்.

முடித்துவிட்டுப் பார்த்தால் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"மொதல்ல அந்த ஃபோல்டர உருவாக்குனியா?"

"இல்லக்கா. அனுப்புனா அதுவே உருவாகும்னு நெனச்சேன்."

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அந்தப் பேர்ல ஃபோல்டர் இல்லேன்னா, கோப்புக்கே அந்தப் பேர வச்சிரும்மா. அடுத்து வர்றது, இருந்தத அழிச்சிட்டு அந்த எடத்துல உக்காந்துக்கும். கடைசியா அனுப்புனது மட்டுந்தான் மிஞ்சும். போனது போனதுதான்."

வயிற்றில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மிஞ்சியதைப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டாள். கணினியிலிருந்து அவர் குரல் வந்தது.

"போதும்மா, வலிக்குது. நிறுத்து."

அவ்வளவுதான். தாத்தா குரல் என்று பிள்ளைக்கு மிஞ்சியது அதுதான். "பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவளின் கையை அப்பா பிடித்துக்கொண்டார். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. அறுவைக்குப் பிறகு அவரும் தன் குரலை இப்போதுதான் கேட்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு தடவை என்று அவர் விரலைக் காட்டினார். அவள் மறுபடியும் போட்டாள்.