மஞ்சள் நுரை

வியாழக்கிழமை பட்டப்பகலில் ஷட்டரை இறக்கச் சொன்னபோதே ஏதோ ரகசிய வேலை என்று மெக்கானிக் நேவியோவுக்குப் புரிந்தது. ஜூலை வெயிலில் இத்தாலியின் மோதெனா பக்கம் எந்த ரேஸ் கார் பட்டறையிலும் ஷட்டரை இறக்க மாட்டார்கள்.

டீமை நடத்தும் இன்ஜினியர் ஃபப்ரினி ஒரு நெட்டையனைக் கூட்டி வந்து நிறுத்தினார். வூட்டர். பெல்ஜியக்காரன்.

"இவருக்கு ஒரு இருக்கை வார்த்துடு. அடுத்த ரேஸ்ல இருந்து இவர்தான்."

"இப்ப ஓட்டற டிட்சியானோவுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை ரேஸ் முடியட்டும், நானே சொல்லிக்கறேன். அதுக்குள்ள நீ வாயத் தொறந்தே, ஸ்பானரத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

உபரியாக நின்ற காருக்குள் பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் நெட்டையனை உட்கார வைத்து, நுரையாகும் இரண்டு திரவங்களைக் கலந்து நேவியோ பைக்குள் ஊற்றினான். நுரை பொங்கி முதுகையும் இடுப்பையும் கவ்வும். கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும். அப்புறம் அந்த இருக்கை அந்த ஒருவனுக்குத்தான். வேறு எவன் உட்கார்ந்தாலும் விலா நொறுங்கும். ஆறு வருஷமாக அந்தப் பட்டறையில் நேவியோ வார்த்ததெல்லாம் டிட்சியானோவின் முதுகை.

பையின் ஓரம் பிளந்து நுரை அவன் இடது மணிக்கட்டில் வழிந்தது. பெட்ரோலில் தேய்த்தான். உப்புத்தாளால் சுரண்டினான். தோல் வந்தது, மஞ்சள் வரவில்லை. அது தானாக உரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சீசன் தொடங்குமுன் இருக்கை வார்க்கும் பிப்ரவரியில் மெக்கானிக் கையில் இந்தக் கறையைப் பார்த்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜூலையில் பார்த்தால் ஒரே அர்த்தம்தான். எவனுக்கோ வேலை போகிறது.

வெள்ளிக்கிழமை பந்தயத் திடலுக்கு முழுக்கைச் சட்டையில் போனான்.

"என்ன பெரியப்பா, முப்பத்தெட்டு டிகிரில முழுக்கை? பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றான் டயர்காரன் லோரிஸ்.

"சளிடா."

"சளி மூக்குலதான வரும்? கையில எதுக்கு மூடி?"

சிரிப்பு அடங்குவதற்குள் டிட்சியானோ வந்தான். ஒரு கையில் கடித்த பியாடினா ரொட்டி, இன்னொரு கையில் பத்திரிகை.

"நேவியோண்ணே, டீம விட்டு நான் போயிட்டேனாம். பேப்பர்ல போட்டிருக்கான். எங்க போனேன்னுதான் போடல."

எல்லாரும் சிரித்தார்கள். டிட்சியானோ நேவியோவை டயர் அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். "நெசமாண்ணே? சாயங்காலத்துக்குள்ள ஒருத்தருக்கு நான் பதில் சொல்லியாகணும். நீ சொன்னா நம்புவேன்."

யாருக்குப் பதில் என்று நேவியோ கேட்கவில்லை. அவன் கண்முன் வேறொரு டிரைவர் நின்றான். பல வருஷத்துக்கு முன், பந்தயத்துக்கு முந்தின நாள், உனக்கு வேலை இல்லை என்று அவனிடம் சொல்லித் தொலைத்தார்கள். மறுநாள் இழக்க ஒன்றுமில்லாதவன் மாதிரி ஓட்டினான். துணி போர்த்தித்தான் கொண்டு வந்தார்கள். டிட்சியானோவை அப்படி அனுப்பக் கூடாது. ஞாயிறுவரை வாயை மூடினால் போதும், ஆள் முழுசாக வீடு சேருவான். தன் வேலையும் தப்பும் என்பதும் உள்ளுக்குள் ஒரு மூலையில் இருந்தது.

"புரளிடா. அவனுங்களுக்கு வேற பொழப்பு இல்ல."

"இது போதும்ணே," என்று டிட்சியானோ அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை. கார்கள் வரிசை கட்டி நின்றன. டிட்சியானோவுக்குப் பெல்ட் இறுக்குவது எப்போதும் நேவியோதான். கடைசி இழுப்புக்கு முழங்காலைக் காரில் ஊன்றி மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தான். சட்டைக் கை மேலே ஏறியது. ஹெல்மெட்டுக்குள் இருந்த கண்கள் மணிக்கட்டில் வந்து நின்றன.

"என்னண்ணே அது?"

"பெயின்ட்டு."

"பெயின்ட்டா? ஆறு வருஷமா என் மூஞ்சியப் பாத்துதான பெல்ட்ட இழுப்ப. இன்னிக்கு ஏன் பாக்கல?"

சங்கு ஊதியது. மெக்கானிக்குகள் தடத்தை விட்டு ஓட வேண்டும். ஒரு வார்த்தை சொல்ல நேரமிருந்தது. நேவியோ வழக்கம்போல் ஹெல்மெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓடினான்.

முதல் சுற்று, மூன்றாவது வளைவு. எல்லாரும் பிரேக் போட்ட இடத்தில் டிட்சியானோ போடவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே இல்லாத சந்தில் மூக்கை நுழைத்தான். சக்கரத்தில் சக்கரம் ஏறியது. கார் எழும்பிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. ஃபப்ரினி ரேடியோவில் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை.

முதுகு உடைந்தவனைத் தனியாகத் தூக்க மாட்டார்கள். இருக்கையோடு சேர்த்து உருவி எடுத்தார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து இருக்கை மட்டும் திரும்பி வந்தது, பெல்ட் அறுபட்டு. அதற்குள் ஃபப்ரினி வூட்டருக்குப் போன் போட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து நேவியோ ஆஸ்பத்திரிக்குப் போனான். போர்வைக்குள் டிட்சியானோவின் கால்கள் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தன.

"யாருக்கு வார்த்த?"

"வூட்டர்னு ஒருத்தன். பெல்ஜியக்காரன்."

"அந்த நெட்டையனா? பெடல ரெண்டு விரல் முன்னால தள்ளணுமே. தள்ளிட்டியா?"

"தள்ளிட்டேன்."

டிட்சியானோ மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "ஜெர்மன்காரன் டீம்ல என்னக் கூப்பிட்டிருந்தாங்கண்ணே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. நீ புரளின்னு சொன்ன. நான் வரலன்னு சொல்லிட்டேன்."

நேவியோவின் மணிக்கட்டில் கறை உரிந்து இரண்டு நாளாகியிருந்தது. ஆனாலும் சட்டைக் கையை விரல்வரை இழுத்து விட்டுக்கொண்டான்.